உப்புக் கேள்வி

எங்கள் தொகுதியின் அரசாங்க சபை அங்கத்தவரிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. ஒன்று வாசிப்பதற்கு. மற்றது சபையில் எழுந்து நிற்கும்போது கழற்றிக் கையில் பிடித்து மந்திரிமாரை நோக்கி ஆட்டுவதற்கு. இரண்டாவதில் போட்டிருந்தது வெறும் கண்ணாடி. மன்னார்ப் பட்டினத்தில் வழக்குரைஞராக அவர் நடத்திய பிரக்கிராசிக் கந்தோரில் நான் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்தேன். அந்த இரண்டு கண்ணாடிகளையும் துடைத்துக் கூட்டில் வைப்பது என் வேலைகளில் ஒன்று. ஆகவே இதை நிச்சயமாகச் சொல்கிறேன்.

அவர் கேள்வி கேட்பதில் வல்லவர் என்று கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. அது பொய்யல்ல. தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை சுமக்கிறவர்கள் ஒதுங்க ஒரு நிழல் இல்லையே என்பது அவர் சபையில் கேட்ட முதல் கேள்வி. அதன் பிறகு தபால் வண்டி, வைத்தியசாலைக் கட்டில், பாலத்து விளக்கு என்று நிற்காமல் கேட்டார். எல்லாக் கேள்வியும் ஒரே அச்சில் வார்த்தவை. (அ) இன்னது இப்படி இருக்கிறது என்பதை மந்திரி அறிவாரா? (ஆ) அறிவாராயின், என்ன செய்ய உத்தேசித்திருக்கிறார்? (இ) ஒன்றும் செய்ய உத்தேசமில்லையாயின், ஏன்? தட்டச்சில் அடித்து நான் நீட்டினால், (இ)யின் கீழ் மட்டும் தன் கையால் ஒரு கோடு இழுப்பார். மந்திரி அந்தக் கோட்டைக் கண்டு நடுங்குவார் என்பது அவருடைய நம்பிக்கை. சபையில் கோடு அச்சாவதில்லை என்று ஒருமுறை சொன்னேன். "மனிசருக்கு விளங்கும்" என்றார்.

பட்டினத்தில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளைப் பற்றியும் கேட்டார். எத்தனை கழுதைகள் என்பதை மந்திரி அறிவாரா, அறியாராயின் எண்ணுவிப்பாரா. கொழும்பிலிருந்து மாவட்ட நிர்வாகக் கச்சேரிக்குக் கடிதம் வந்தது. கச்சேரியிலிருந்து ஊர்த் தலைவரான விதானையாருக்குப் போனது. விதானையார் ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆள் கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போக, எண்ணப்பட்ட கழுதைகள் பின்பக்க ஒழுங்கையால் நடந்து மற்ற முனைக்கு வந்து மறுபடி எண்ணப்பட்டன. கழுதைகள் பற்றிய அறிக்கை எதிர்பார்க்கப்படுகிறது என்று மந்திரி சபையில் பதில் சொன்னார். சபை அதைக் கேட்டு அடுத்த கேள்விக்குப் போனது. வயது வந்த மனிதர்கள், மேற்சட்டையும் கழுத்துப் பட்டியுமாக, சம்பளத்துக்கு இதைச் செய்தார்கள்.

மீன் கடையில் இந்தக் கேள்விகள் ஒரு விளையாட்டாகிவிட்டன. வாங்க வருகிறவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முஸ்லிம் வியாபாரியை அண்ணன் முறை சொல்லி அழைத்து, "காக்கா, இந்தப் பாரை முந்தநாள் செத்தது எண்டதை நீங்கள் அறிவீங்களோ?" என்பார்.

"அறிவன்."

"அறிவீங்களாயின், என்ன செய்ய உத்தேசம்?"

"உங்கட தலையில கட்டத்தான் உத்தேசம். வேற என்ன?"

என்னைக் கண்டால் சிரிப்பு இன்னும் கூடும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கேள்வி கேட்பதால் மீன் புதிதாகிவிடாது என்பது அந்த வியாபாரிகளுக்குப் புரிந்திருந்தது. சபைக்கு அது புரியவில்லை.

இனி உப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அக்காவை, எங்கள் வழக்கில் ராத்தாவை, ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் புருஷன், என் மச்சான், அங்கே கடற்கரையில் ஒரு வாடி வைத்திருந்தார். பனையோலைக் கொட்டில், பக்கத்தில் மீன் காயப்போடும் மணற்பரப்பு, உள்ளே உப்புத் தொட்டிகள். பெரிய மீனை முதுகால் கீறி, உப்பிட்டு அடுக்கி, பிறகு வெயிலில் இட்டால் கருவாடு. உப்பு இல்லாவிட்டால் அது எரு. இதற்கு மேல் அந்தத் தொழிலில் தத்துவம் இல்லை.

உப்போ அரசாங்கத்தின் சொத்து. மன்னார்த் தீவின் தரவை வெளிகளில் கோடைகாலத்தில் கடல்நீர் வற்றி, தானாகவே வெள்ளையாக உப்பு விளையும். அதைக் கையால் தொட்டால் குற்றம். உப்புக் காவல்காரர் வந்து அதை மண்ணோடு மிதித்துச் சேறாக்கிவிட்டுப் போவார்கள். வாடிக்காரருக்கு வேண்டிய உப்பை அரசாங்கப் பண்டசாலையில்தான் வாங்க வேண்டும். பண்டசாலை தீவில் இல்லை. அது கடல் தாண்டிப் பெருநிலத்தில் இருந்தது. மீன் வந்து கரையில் குவியும் நாளில் பண்டசாலை பூட்டியிருக்கும், திறந்திருந்தால் உப்பு இருக்காது. காலடியில் விளைந்த உப்பு சேறாகிக் கிடக்க, தொட்டியில் மீன் நாறும். எத்தனையோ வருடமாக இப்படித்தான். ஆகவே ஊரார் ஒளித்து ஒளித்து அள்ளினார்கள். சில காவல்காரர் கண்டும் காணாமல் போனார்கள். தொழில் ஒருவாறு நடந்தது.

அந்த வருடம் புதிய காவல்காரர் வந்தார்கள். கண்டும் காணாத வழக்கம் நின்றது. பருவம் தொடங்குமுன் உப்புக்கு ஒரு வழி கிடைக்காவிட்டால் வாடியை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை மச்சானுக்கு. முந்திய வருடத்து நட்டத்தில் வாடி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு பருவத்து மீன் அழுகினால் அவர் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அவர் இரண்டு வாடிக்காரரைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். அங்கத்தவர் கதிரையில் சாய்ந்திருந்து கேட்டார். கேட்பதில் அவர் நல்லவர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். முடிவில் வெறுங்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அநியாயம்" என்றார். "கடவுள் விளைவிச்ச உப்பை மிதிக்க இவங்கள் ஆர்? நான் சபையில கேக்கிறன். மந்திரிக்கு வாய் திறக்கேலாமல் பண்ணிறன்."

"வாய் திறக்க வேணும் ஐயா" என்றார் மச்சான். "திறந்து ஓம் எண்டு சொல்ல வேணும்."

"சொல்லுவார். சொல்லாமல் எங்கை போறது?"

"அதுவரைக்கும் எங்களை ஆரும் தொடுவினமோ?"

"ஆர் தொடப்போறான்? நான்தானே கேள்வி போடுறன்!"

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் மச்சான் ஊருக்குக் கொண்டு போனார். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை விளக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் கரைவலை இழுக்கும் இடம் ஒன்றைப் பற்றி அவருக்கும் பக்கத்து ஊரார் ஒருவருக்கும் நீதவான் கோட்டில் வழக்கு நடந்தது. வழக்கு முடியும்வரை, முன்பு இழுத்து வந்தவரே இழுக்கலாம் என்று நீதவான் சொல்லியிருந்தார். தவணைமேல் தவணையாக அந்த வழக்கு நடந்தவரை மச்சான் வலை இழுத்தார், கடைசியில் வென்றும் விட்டார். எங்கள் கரையில் சட்டம் என்றால் இதுதான். விஷயம் மேலே போய்விட்டால் தீர்ப்பு வரும்வரை எல்லாம் முன்போலவே நடக்க வேண்டும். யாரும் இடையில் கை வைக்க முடியாது. கோட்டுக்கே இந்த மரியாதை என்றால், கோட்டுக்கு மேலே சட்டம் செய்யும் சபைக்கு எவ்வளவு மரியாதை இருக்கும்! ஊரார் காலங்காலமாக உப்பு அள்ளி வந்தவர்கள். ஆகவே பதில் வரும்வரை அள்ளலாம். அவர் முடிவு அது.

அது அப்படி இல்லை என்று அன்றே வாசலில் வைத்துச் சொன்னேன்.

"மச்சான், சபையில கேக்கிற கேள்வி வழக்கு இல்லை. அதால ஒருத்தனையும் மறிக்கேலாது."

"நீ பேனை பிடிக்கிறவன். சொன்னவர் பிரக்கிராசி. சட்டம் படிச்சவர் ஒருத்தனும் தொடமாட்டான் எண்டு சொன்னாப் பிறகு உன்னட்டை என்னத்துக்கு அபிப்பிராயம் கேப்பான்?"

உள்ளே திரும்பிப் போய் அங்கத்தவரிடம், இவர்கள் தப்பாக விளங்கிக்கொண்டு போகிறார்கள், ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்றேன். "நம்பிக்கையோட போறாங்கள். அதைக் கெடுக்கிறதே?" என்று கேட்டார். அவருக்குத் தன்னால் காப்பாற்றப்பட்டவர்களாக மூன்று பேர் வாசலால் இறங்கிப் போவதைப் பார்ப்பது பிடித்திருந்தது.

கேள்வி போனது. (அ) மன்னார்த் தீவில் இயற்கையாக விளையும் உப்பு அழிக்கப்படுகிறது என்பதை உரிய மந்திரி அறிவாரா? (ஆ) அறிவாராயின், மீன் பதனிடுவோர் அதை அள்ள அனுமதிக்கவோ, தீவில் ஒரு பண்டசாலை திறக்கவோ உத்தேசித்திருக்கிறாரா? (இ) இல்லையாயின், ஏன்? கீழே கோடு. பத்திரிகையில் இது சிறிய எழுத்தில் வந்தது. மச்சான் அந்தத் துண்டை வெட்டி ஒரு பழைய தகரப் பேணியில் போட்டு வாடிக் கூரையில் செருகி வைத்தார்.

பதில் வரவில்லை. விவரம் சேகரிக்க மந்திரிக்கு அவகாசம் வேண்டுமாம். அடுத்த கூட்டத்திலும் அவகாசம். இந்தச் செய்தியை மச்சானுக்குச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். "தவணை போட்டிருக்கிறாங்கள். அப்ப நல்ல வழக்குத்தான்" என்றார்.

இதற்கிடையில் தரவை வெளுத்தது. அந்த வருடம் உப்பு நன்றாக விளைந்தது. ஓலைத்தொடுவாயில் ஆணும் பெண்ணுமாகப் பட்டப்பகலில் போய் அள்ளினார்கள், பெட்டிகளில் சுமந்து வந்தார்கள், வாடிக்குப் பக்கத்தில் குவித்து ஓலை போட்டு மூடினார்கள். ஒளிப்பு இல்லை, பயம் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக உப்பை நிமிர்ந்து நின்று அள்ளினார்கள் என்று ராத்தா சொன்னாள்.

காவல்காரர் வந்ததை நான் பார்க்கவில்லை. ராத்தா சொன்னபடி எழுதுகிறேன். இரண்டு பேர் வந்து குவியலின் முன்னால் நின்று, இது என்ன என்று கேட்டார்கள்.

"உப்பு" என்றார் மச்சான்.

"ஆரின்ர உப்பு?"

"அதைத்தான் சபையில கேட்டிருக்கு." அவர் பேணியை எடுத்துத் திறந்து, பத்திரிகைத் துண்டை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார்.

பெரிய காவல்காரன் வாங்கி மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தான். மற்றவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். வாசித்து முடித்துப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் சவர்க்கார விளம்பரம் இருந்தது.

"இது கேள்வி. பதில் எங்கை?"

"வரும்."

"வரட்டும். வந்தாப் பிறகு எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோ காக்கா. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

அவன் கேலியாகச் சொன்னானோ உண்மையாகவே சொன்னானோ என்று ராத்தாவுக்குத் தெரியவில்லை. துண்டை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். பிறகு குவியலைப் பறித்து வண்டியில் ஏற்றினார்கள், ஏற்ற முடியாததைக் கடல்நீர் ஊற்றி மிதித்தார்கள். குவியல் மச்சானின் வாடிக்குப் பக்கத்தில் இருந்தபடியால் வழக்கு அவர் பேரில் பதிவானது.

நான் செய்தியோடு கந்தோருக்குப் போனேன். அங்கத்தவர் முகம் மலர்ந்தது. அதை வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது.

"இப்பதான் சூடு பிடிக்குது. உப கேள்வி கேக்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்? ஒரு ஏழை மீனவனைக் கூண்டில ஏத்திப்போட்டாங்கள்!"

அந்த ஏழை மீனவன் என் ராத்தாவின் புருஷன் என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பதில் வரும் நாள் நிச்சயமானபோது, தானும் கொழும்புக்கு வருவதாக மச்சான் சொன்னார். தீர்ப்புக்கு வழக்காளி போகாமல் இருக்க முடியுமா? பெருநாள் சாரமும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்தார். அங்கத்தவருக்கென்று ஓலைப்பெட்டியில் விலையுயர்ந்த அறுக்குளா மீன் கருவாடு. ரயிலில் ஏறியதிலிருந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். சபை மாளிகை கடலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. வாசலில் நின்று வெகு நேரம் கடலைப் பார்த்தார். "இவ்வளவு கடலுக்கு ஒரு வள்ளம் இல்லை. இவைக்கு எங்களைப்பற்றி என்ன தெரியும்?" என்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. வெளியே வரும்போது அது குறைவாகத் தோன்றியது.

பார்வையாளர் மேடையில் இருந்தோம். பெட்டியை வெளியே வைக்கச் சொன்னார்கள். வாசனை போக மறுத்தது. கீழே சிலர் தூங்கினார்கள், சிலர் கடிதம் எழுதினார்கள், ஒருவர் நகம் வெட்டினார். கேள்விகள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரி எழுந்து யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தார். கவனிக்கப்படுகிறது, ஆராயப்படுகிறது, அறிக்கை கேட்கப்பட்டிருக்கிறது. கேட்டவர் நன்றி சொல்லி அமர்ந்தார். மச்சானுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ன சொல்லுறாங்கள்?" என்று என் காதில் கேட்டபடி இருந்தார். "ஒண்டும் இல்லை" என்றேன். என் வாழ்க்கையில் இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு நான் செய்ததில்லை.

எங்கள் கேள்வி வந்தது. அங்கத்தவர் எழுந்தார். மந்திரி எழுந்து, (அ)வுக்கு ஆம், (ஆ)வுக்கு இல்லை, (இ)க்குத் தீவில் பண்டசாலை திறப்பதோ அள்ள அனுமதிப்பதோ இப்போதைக்கு உகந்ததல்ல என்று தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்று வாசித்து அமர்ந்தார்.

அங்கத்தவர் உப கேள்விக்கு எழுந்து கண்ணாடியைக் கழற்றினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே பேசினார். ஏழை மீனவன், அவன் கண்ணீரின் உப்பு, அதற்கும் வரி கேட்கும் அரசாங்கம் என்று முழங்கினார். தூங்கியவர்கள் விழித்தார்கள். முடிவில் மந்திரியை நோக்கிக் கண்ணாடியை நீட்டி, "இந்தத் தீர்மானத்தை எடுத்த கல்நெஞ்சர்கள் யார் என்று மந்திரி சபைக்குச் சொல்லத் தயாரா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்து ஆட்சிமுறை அறியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்போது மந்திரி தனியாகத் தீர்மானம் எடுப்பதில்லை. சபையின் அங்கத்தவர்களே கமிட்டிகளாகப் பிரிந்திருந்து, ஒவ்வொரு கமிட்டியும் தனக்குரிய இலாகாக்களை நடத்தியது. மந்திரி தன் கமிட்டிக்குத் தலைவர், அவ்வளவுதான்.

மந்திரி அவசரமில்லாமல் எழுந்தார். "இது என் கமிட்டி ஏகமனதாக எடுத்த தீர்மானம். கனம் அங்கத்தவர் அந்தக் கமிட்டியில் ஒருவர். அன்றைய கூட்டத்துக்கும் வந்திருந்தார்."

சபை சிரித்தது. அங்கத்தவர் உட்காரவில்லை. "இந்த விஷயம் எடுக்கப்படுமுன் நான் ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டேன் என்பதை மந்திரி அறிவாரா?" என்று கேட்டார்.

"அறிவேன்" என்றார் மந்திரி. "போகும்போது, மிச்சமுள்ள விஷயங்களில் கமிட்டியின் முடிவே தன் முடிவு என்று சொல்லிவிட்டுப் போனார்."

இப்போது சிரிப்பு மேடைவரை வந்தது. மந்திரியும் சிரித்தார். எங்கள் அங்கத்தவரும் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அவர் முதுகில் தட்டினார். அடுத்த கேள்வி அழைக்கப்பட்டது. சாலையோர மரங்களைப் பற்றியது.

எல்லோரும் சிரித்ததால் மச்சானும் பாதி சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வெண்டிட்டமோ?"

நான் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வெளிநடையில் அங்கத்தவர் உற்சாகமாக வந்தார். "எப்பிடி? ஆளை மடக்கினன் பாத்தியளோ? நாளைக்குப் பேப்பர் முழுக்க இதுதான்."

"ஐயா" என்றார் மச்சான், "வழக்காளியும் நீங்கள். தீர்ப்புச் சொன்ன நீதவானும் நீங்கள். அப்ப மறியற்சாலைக்குப் போறவன் மட்டும் நானோ?"

"நீர் விளங்காமல் கதைக்கிறீர். கமிட்டி வேற, சபை வேற. கமிட்டியில இருக்கேக்கை நான் அரசாங்கம். சபையில எழும்பினா நான் உங்கட ஆள்."

"எந்தக் கதிரையில இருந்தா எங்களுக்கு உப்பு வரும்?"

அங்கத்தவர் என்னைப் பார்த்தார், இந்த மனிதனுக்கு நீயாவது விளக்கு என்பதுபோல. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாதது. ஒரு கையால் செய்ததை மறுகையால் கண்டிக்கிறோம் என்ற எண்ணமே அவர் தலைக்குள் புகுந்ததில்லை. இரண்டும் அவருக்குப் பொதுச்சேவை. திருடனிடம்கூட ஒரு கணக்கு இருக்கும், தான் எடுத்தது எது என்று தெரியும். இவரிடம் அதுவும் இருக்கவில்லை.

கருவாட்டுப் பெட்டியை மச்சான் கொடுக்கவில்லை. திரும்பும் ரயிலில் ஒரு சிப்பந்தி மணத்தைப் பற்றிக் குறை சொன்னபோது, "தம்பி, இது அறுக்குளா எண்டதை நீர் அறிவீரோ?" என்று கேட்டு அதை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது நடக்க வேண்டியபடி நடந்தது. கடலில் அலை படிந்து மீன் வந்தது. கட்டாவும் பாரையும் வள்ளம் வள்ளமாக. தொட்டியில் உப்பு இல்லை. ராத்தாவும் பக்கத்து வாடிப் பெண்களும் கீறிக் கீறி வெறும் வெயிலில் போட்டார்கள். இரண்டு நாள் மந்தாரமாக இருந்தது. புழு வைத்தது. நான் போனபோது மச்சான் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். மீனைக் கடலில் போட்டால் கரைக்கே திரும்பி வரும், அதனால் புதைக்க வேண்டும். நானும் ஒரு மண்வெட்டி எடுத்தேன்.

கோட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தெண்டம் விதித்தார்கள். அதைக் கட்டுவதற்காக வாடியைப் பிரித்து மரங்களையும் தொட்டிகளையும் விற்றார். வாடியின் கதை அத்தோடு முடிந்தது.

கட்டிவிட்டு நேரே கந்தோருக்கு வந்தார், எனக்குச் சொல்லிவிட்டுப் போக. அங்கத்தவர் அன்று அங்கே இருந்தார். சபை நடவடிக்கை அறிக்கையின் அச்சுப் பிரதி வந்திருந்தது. உப்புக் கேள்வி இருந்த பக்கத்தை எடுத்து, உப கேள்வி முழக்கம் முடியும் இடத்தில் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லியிருந்தார். நான் ஆணி அடித்து முடித்திருந்தேன்.

"வாரும், வாரும்" என்றார் அங்கத்தவர். "இதைப் பாரும். உம்மட விஷயம்தான். உமக்காக நான் சபையில பேசினதுக்கு இது சாட்சி. நூறு வருஷம் போனாலும் இருக்கும்."

மச்சான் சட்டத்துக்கு முன்னால் நின்றார். அந்த ஆங்கில எழுத்து அவருக்கு விளங்காது. வெட்டிய விளிம்பு விளங்கியது.

"பதில் எங்கை ஐயா?"

"பதிலில என்ன கிடக்கு? கேள்வியல்லோ முக்கியம்."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "உப்புக் காவல்காரனும் இதைத்தான் கேட்டவன். அவன் இந்த ஆளைவிட மேல். அவனுக்குப் பதில் வேண்டிக் கிடந்தது."

அங்கத்தவர் சிரித்தார். பாமரர்கள் சொல்வது எல்லாம் தன்னைப் புகழ்ந்து சொல்வது என்றே அவர் காதுக்குக் கேட்கும்.

தேர்தல் வந்தது. ஓலைத்தொடுவாய்க்கு மோட்டார் வண்டியில் நானும் போனேன், துண்டுப் பிரசுரக் கட்டோடு. சனம் கூடியது. அங்கத்தவர் உப்பைப் பற்றித்தான் பேசினார். உங்களுக்காகச் சபையையே அதிர வைத்தேன், மறுபடி வாக்குத் தாருங்கள், அடுத்த முறை விடமாட்டேன் என்றார். பேசி முடிந்ததும் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ராத்தா முக்காட்டைச் சரி செய்துகொண்டு சொன்னாள்.

"உங்கட வேண்டுகோள் எங்கட கவனத்தில இருக்கு ஐயா. விவரம் சேக்க அவகாசம் வேணும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அங்கத்தவரும் சிரித்தார்.

"அவகாசம் எதுக்குத் தங்கச்சி? இப்பவே சொல்லுங்கோவன்."

"எப்பிடித் தனிய சொல்லுறது? கமிட்டி கூடித்தான் முடிவெடுக்கும்."

"ஆர் ஆர் அந்தக் கமிட்டியில?"

"நீங்களும் இருக்கிறியள். ரயிலுக்கு நேரமானால் போங்கோ, எங்கட முடிவுதானே உங்கட முடிவு."

கடற்கரை முழுதும் சிரித்தது. வண்டி புறப்படும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதையில் அங்கத்தவர் திருப்தியாகக் கைக்குட்டையால் முகம் துடைத்தார். "ஓலைத்தொடுவாய் முழுக்க எங்கட பக்கம்தான். பாத்தீரோ, என்ன சந்தோஷமாய் இருக்கினம்!"

ஓலைத்தொடுவாயில் அவருடைய வாக்குப்பெட்டியில் ஏறக்குறைய ஒன்றுமே விழவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மற்ற இடங்களில் விழுந்தது போதுமாக இருந்தது. வென்று போனார். மறுபடி கேள்விகள் கேட்டார். (இ)யின் கீழ் மறுபடி கோடு இழுத்தார். நான் வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டு விலகும்வரை அந்தச் சட்டம் என் கதிரைக்கு நேர் மேலே தொங்கியது.

மச்சான் தலைமன்னாருக்குப் போனார். இறங்குதுறையில் கப்பலுக்கும் ரயிலுக்கும் இடையில் மூட்டை சுமந்தார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். உச்சி வெயில். மூட்டைகளின் பக்கத்தில், தலையில் சாக்கை மடித்துப் போட்டபடி குந்தியிருந்தார்கள். ஒதுங்குவதற்கு ஒரு மரம்கூட இல்லை. அங்கே நிழல் வேண்டும் என்ற கேள்விக்கு, கவனிக்கப்படுகிறது என்று அப்போதும் பதில் வந்துகொண்டிருந்தது.